தண்ணீர் வந்த சேதி

செஞ்சி,
9-8-1986

என் அன்பான வீட்டுக்காரருக்கு, விருத்தாம்பாள் கும்பிட்டு எழுதுவது.

மாமா, பாப்பா, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதை, மற்றதை எல்லாம் விட்டுவிட்டு முதலில் எழுதவும். உங்கள் கடிதம் வந்து நாற்பத்தாறு நாள் ஆகிறது. பதினைந்து நாளைக்கு ஒன்று போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன்!

ஆடி பிறந்தும் மழை இல்லை. வல்லம் பக்கம் மல்லாட்டை விதைத்தவர்கள் எல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். உங்கள் நைனாவுக்கு அனந்தபுரத்தில் ஒரு கிணற்றை ஆழப்படுத்தும் வேலை வந்திருக்கிறது. இந்த வயசில் வெடி மருந்தைத் தொடாதீர்கள் மாமா என்றால் கேட்கிறாரா? நான் இன்னா செத்தா பூட்டேன் என்று என்னையே அதட்டுகிறார். பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. பேசினால் காற்றுதான் வருகிறது.

உங்கள் கடைசிக் கடிதத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதுவும் ஒரு கடிதமா? மூன்றே வரி. கடலுக்கு அடியில் பாதி தூரம் வந்துவிட்டோம், நேற்று தண்ணீர் வந்துவிட்டது, வேலை அதிகம், பிறகு எழுதுகிறேன் என்று. அதை நான் வாசித்ததும் மாமா எழுந்து நின்றுவிட்டார். நாற்பது வருஷமாகக் கிணறு வெட்டுகிறவர். தண்ணீர் வந்துவிட்டது என்ற சேதிக்கு யாரும் அழுது அவர் பார்த்ததில்லை. இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளாக நானும் பார்த்ததில்லை.

ஊற்று கண்டால் என்ன செய்வோமோ அதை எல்லாம் செய்தோம். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கற்பூரம் கொளுத்தினோம். சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தெரு முழுக்கக் கொடுத்தோம். ஊற்று கண்டவனுக்குப் புது வேட்டி போர்த்த வேண்டும் என்று மாமா ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். டீக்கடையில் போய், எம்புள்ள கடலுக்கு அடியிலயே ஊத்து கண்டுட்டான்டா என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது அவருக்கு.

ஆயில் இன்ஜின் ரிப்பேர் செய்கிற ஜான் பாஷா அண்ணனுக்கும் ஓர் இலை கொண்டுபோனேன். நம் கிணற்று வேலைக்கெல்லாம் அவர் இன்ஜின்தானே தண்ணீர் இறைக்கிறது. ஒரு வாய் போட்டுக்கொண்டு, இன்னாம்மா விசேஷம் என்றார். பெருமையாகத்தான் சொன்னேன். நீங்கள் முன்பு எழுதிய மாதிரியே விளக்கினேன். நம் ராஜகிரி மலைக்கும் கிருஷ்ணகிரி மலைக்கும் நடுவே திருவண்ணாமலை ரோடு போகிற இடத்தில் கடல் புகுந்தால் எப்படி இருக்கும், நார்வேயில் அப்படி ஓர் இடம், அந்தக் கடலுக்கும் கீழே பாறையைக் குடைந்து கார், பஸ் போக வழி செய்கிறார்கள் என்றேன். அவர் இலையைக் கீழே வைத்துவிட்டார். கெணத்துக்குத் தண்ணி வரணும், ரோட்டுக்கு எதுக்கும்மா தண்ணி வருது என்று கேட்டார். மேல கடலு தானம்மா இருக்குது என்றார், மெதுவாக. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அங்க பெரிய பெரிய மோட்டார் இருக்கும், நீ டென்ஷன் ஆவாதே என்று என்னென்னவோ சொன்னார்.

பாவி நான். புருஷன் தலைக்கு மேலே கடல் ஒழுகிய சேதிக்கு நெய் ஊற்றிப் பொங்கல் வைத்திருக்கிறேன். இரண்டாம் தடவை கேட்டு வந்தவர்களுக்கும் சிரித்துக்கொண்டே போட்டேன்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். கிணறு வெட்டுகிற வீட்டுக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று எழுதினால் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? இன்னும் ஒரு வரி எழுதினால் கை தேய்ந்தா போகும்? மஸ்கட்டில் நீங்கள் பாறைக்கு வெடி வைத்த நேர்த்தியைப் பார்த்து அந்த இன்ஜினியர் நார்வேக்குக் கூப்பிட்டபோதே வேண்டாம் என்றேன். இரண்டே வருஷம், ஒரு மாடி வீடு என்றீர்கள். மாடி வீட்டை யார் கேட்டது? நானா கேட்டேன்?

மாமாவிடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. எம்புள்ள கடுதாசி வந்துதா என்று தினமும் கேட்கிறார். வேலை மும்முரம் மாமா, தண்ணீர் வந்த இடமாயிற்றே என்று நானே சொல்லி வைக்கிறேன். அதைச் சொல்லும்போது என் நாக்கு கூசுகிறது.

இன்றைக்குப் பதினோரு மணிக்குத் தபால்காரர் பச்சைமுத்து உங்கள் கம்பெனிக் கவர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். முகவரி எல்லாம் டைப் அடித்திருக்கிறது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன், உங்கள் எழுத்து எங்கேயும் இல்லை. கையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள், அதனால் வேறு யாரோ எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கை போயிருந்தால் போகட்டும். நான் சோறு ஊட்டுகிறேன். காலும் போயிருந்தால் தூக்கி வைத்துக்கொள்கிறேன். ஆள் வந்து சேருங்கள்.

ஜான் பாஷா அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியும், படித்துச் சொல்வார். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் போகிறேன், எத்தனை நாள் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்க முடியும்? ஆனால் அதற்கு முன்னால் உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். பஸ் ஸ்டாண்டுப் பெட்டியில் மூன்று மணிக்குத் தபால் எடுக்கிறார்கள். இதை அதில் போட்டு, அவர்கள் எடுத்துப் போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்தக் கவரைப் பிரிக்கச் சொல்வேன்.

மேல்மலையனூர் அங்காளம்மா உங்களுக்குத் துணை இருப்பாள். இதற்குப் பதில் நீங்கள்தான் போட வேண்டும், வேறு யாரும் போடக் கூடாது. எழுத முடியாவிட்டால் காகிதத்தில் ஒரு கோடு கிழித்து அனுப்புங்கள். நீங்கள் கிழித்த கோடு எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள்
விருத்தாம்பாள்