என் வட்டக் குழிக்கு இல்லாத நான்கு மூலைகள்

அனுப்புநர்
கே. கண்ணாயிரம்,
ஓய்வுபெற்ற நூலகர்,
மகிழம்பூ நகர், செங்கம் சாலை,
திருவண்ணாமலை.

பெறுநர்
தலைமை அலுவலர் அவர்கள்,
மழைநீர்க் குழிப் போட்டிப் பிரிவு,
வேங்கிக்கால்.

பொருள்: எனக்கு அறிவிக்கப்பட்ட முதல் பரிசைத் திரும்பப் பெற வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் நகரில் அதிக மழைநீர் கொள்ளும் குழிக்கான போட்டியில் என் வீடு முதலிடம் என்று அறிவித்துள்ளீர்கள். நன்றி. ஆனால் அது சரியல்ல என்று அஞ்சுகிறேன். தவறு என்னுடையதாகவும் இருக்கலாம்.

2. என் குழி சிமெண்ட் உறை இறக்கிய வட்டக் குழி. விட்டம் 4 அடி, ஆழம் 7 அடி. அளக்க வந்த தம்பியின் கைப்பேசிச் செயலியில் நீளம், அகலம், ஆழம் என மூன்றே கட்டங்கள். அவர் 4, 4, 7 என்று நிரப்பினார். 112 கன அடி வந்தது. நான் குறுக்கிட்டேன். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை.

3. பெட்டி வடிவப் பட்டகமானாலும் உருளையானாலும் அடிப்பரப்பை ஆழத்தால் பெருக்குவதே கன அளவு. என் குழியின் ஆரம் 2 அடி. 22/7 × 2 × 2 × 7 = 88 கன அடி. மீதி 24 கன அடி, என் குழியில் இல்லாத நான்கு மூலைகளுக்கு உரியது.

4. பள்ளியில் படித்த கணக்கு என்பதால் என்னை நான் நம்பவில்லை. ஒரே அகலமும் உயரமும் கொண்ட வட்ட டப்பா ஒன்றையும் சதுர டப்பா ஒன்றையும் எடுத்து, வட்டத்தில் நிரப்பிய அரிசியைச் சதுரத்தில் கொட்டிப் பார்த்தேன். மூன்றாம் முறை கொட்டியபோது என் மனைவி ராஜம்மாள், "எத்தினி தரம் கொட்டுனாலும் அது நெறையாதுங்க. அரிசியக் குடுங்க, ஒலை கொதிக்குது" என்றார். அதன் பிறகே இம்மனுவை எழுதத் துணிந்தேன்.

5. எதிர் வீட்டு ரேணுகாம்பாள் அவர்களின் குழி செவ்வக வடிவம். 5 × 4 × 5 = 100 கன அடி. முதலிடம் அவருடையது. முதல் பரிசு மிக்சி, இரண்டாம் பரிசு எவர்சில்வர் குடம். அவர் வீட்டு மிக்சி பழுதாகி, தினமும் எங்கள் வீட்டில்தான் சட்னி அரைத்து வந்தார். முடிவு வெளியான நாள் முதல் வருவதில்லை. நேற்றுக் கீரை விற்பவரிடம், "நாலு மூலையும் பாத்துப் பாத்துத் தோண்டுனவளுக்குக் கொடமாம். மூலையே இல்லாதவருக்கு மிக்சியாம்!" என்று என் காதில் விழும்படி சொன்னார். கணிதப்படி அதில் பிழை காண முடியவில்லை.

6. பௌர்ணமிதோறும் நாங்கள் மூவரும் சேர்ந்து கிரிவலம் போவோம். வழி நெடுக அவரே பேசுவார், நாங்கள் கேட்டு வருவோம். இம்முறை வேறு துணை பார்க்கிறாராம். அவர் பேச்சில்லாமல் பதினான்கு கிலோமீட்டர் நடக்க முடியுமா என்று ராஜம்மாள் கவலைப்படுகிறார்.

7. ஆகவே, ஜூலை 6 பரிசளிப்பு விழாவுக்கு முன் குழிகளை மறுபடி அளந்து, மிக்சியை அவருக்கு வழங்க வேண்டுகிறேன். எனக்கு எந்த இடம் வந்தாலும் சம்மதம். செயலியில் வட்டக் குழிக்கும் ஒரு கட்டம் சேர்க்கலாம். மேடையில் என்னை ஒலிபெருக்கி முன் நிறுத்தாதிருந்தால் பேருதவி.

8. சொந்த மிக்சி வந்த பிறகு ரேணுகாம்பாள் எங்கள் வீட்டுக்குச் சட்னி அரைக்க வருவாரா என்ற ஒரு கவலை மட்டும் மீதி இருக்கிறது. அது தங்கள் அதிகார வரம்புக்குள் வராது என்பதை அறிவேன்.

இடம்: திருவண்ணாமலை
நாள்: 30.06.2025

பணிவன்புடன்,
கே. கண்ணாயிரம்

இணைப்பு: குழியின் வரைபடம் (அளவுகோல் வைத்து வரைந்தது, வட்டம் மட்டும் டப்பா மூடியை வைத்து).