உனக்கு நான் பிரெஞ்சுப் பாடம் கேட்ட கதை

இன்று காலை எதிர்வீட்டுப் பெண் முகப்பேருக்கே கேட்கும்படி பிரெஞ்சு மனப்பாடம் செய்தாள். ஒரு வரியில் தடுக்கி நின்றாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் வாய் அதை முடித்துவிட்டது. "ஆயா, உனக்கு எப்டித் தெரியும்?" என்றாள் பேத்தி. அஞ்சாவதோடு நின்றவள் நான். தெரிந்த கதையைச் சொல்ல நீயும் இல்லை.

எண்பதுகளில் என் நாத்தனார் நீ, அயனம்பாக்கம் வீட்டிலிருந்து பி.ஏ. வரலாறு படிக்கப் போனாய். "தமிழ் எடுத்தா மார்க்கே போட மாட்டாங்க அண்ணி. பிரெஞ்சு எடுத்தா அள்ளிக்கினு வரலாம்" என்றாய். உன் அண்ணனோ, "ஒரு பேப்பர் பூட்டாலும் படிப்பு கட். மாப்ள பாத்துடுவேன்" என்றார். பிரெஞ்சு வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தமும் போட்டு, நோட்டை என்னிடம் கொடுப்பாய். நீ ஒப்பிப்பாய், நான் பார்த்துத் திருத்துவேன்.

வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் அம்பத்தூரிலிருந்து உன் தோழிகள் இரண்டு பேர் வந்தார்கள். பஜ்ஜித் தட்டோடு வந்தேன். "அண்ணியும் நம்மகூட ஒக்காரட்டுமேடி" என்றாள் ஒருத்தி. நீ என்னைப் பார்க்காமலே, "எல் நே சே பா லீர்" என்றாய். மூன்று பேரும் சிரித்தீர்கள். 'அவளுக்குப் படிக்கத் தெரியாது.' மூன்றாம் பக்கம், நாலாவது வரி. அந்த வரியை உனக்குத் திருத்திக் கொடுத்தவளே நான்தான்.

அன்று மாலை ஒப்பித்தாய். ஆறு இடத்தில் தப்பு. "கரெக்டா அண்ணி?" என்றாய்.

"கரெக்ட்" என்றேன்.

தேர்வு போயிற்று. உன் அண்ணன் தரகரை வரச் சொன்னார். "நீங்களே கேட்டீங்களே அண்ணி, எல்லாம் சரியாத்தான சொன்னேன்?" என்று என் தோளில் விழுந்து அழுதாய். படிப்பு நின்றுவிடும் என்று அவர் சொன்னது எனக்கு மறந்தா போயிருந்தது? இல்லை. எனக்கு எதுவும் மறக்காது.

முதல்முறையாக அவரை எதிர்த்து நின்றேன். "அது இன்னொருவாட்டி பரிச்சைக்குப் போவும். தரகர் ஊட்டுக்குள்ள கால வெச்சா நான் எங்கம்மா ஊட்டுக்குப் பூடுவேன்." அடுத்த தடவை ஒரு எழுத்துகூடப் பிசக விடவில்லை. தேறிவிட்டாய்.

அதற்கப்புறம் போகிற இடமெல்லாம், "எங்க அண்ணி இல்லன்னா எனக்கு பி.ஏ. ஏது" என்பாய். உன் மகள் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்தே சொன்னாய். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ சொன்ன அந்த வரியை மன்னிக்கவில்லை. செத்துப்போனாய் என்பதற்காக மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் நான் செய்ததைச் சொல்லிவிடலாமென்று, போன மாதம் உன்னைக் குளிப்பாட்டும்போது காதருகே குனிந்தேன்.

"அழாதீங்க அத்தே" என்று உன் மகள் என்னைத் தூக்கிவிட்டாள்.

நான் அழவில்லையடி. சொல்லத்தான் குனிந்தேன்.