அப்பாவின் பாண்டிக் கோடுகள்

தேக்கா, சிங்கப்பூர்
17-7-1963, புதன் இரவு

அன்புள்ள ஜார்ஜ் அண்ணனுக்கு, தங்கை அருள்ஜோதி எழுதுவது. ஈப்போவில் நீங்கள் நலமாக இருக்க மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

அத்தை தூங்கிவிட்டார். மாடிப்படி விளக்கடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். படி கிறீச்சிட்டாலே தாளைப் பாவாடைக்குள் மறைக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

அப்பாவைக் கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்க்க, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து கையெழுத்துப் போடப்போவதாக அத்தை சொன்னார். போடாதீர்கள் அண்ணா. முதலில் இதைப் படியுங்கள்.

அப்பாவுக்கு நடுக்குவாதம் என்று டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். இப்போது கையைவிடக் கால்தான் தொல்லை. அறை வாசலுக்கு வந்ததும் ஆணி அடித்ததுபோல் நின்றுவிடுகிறார். போன மாதம் இரண்டு தடவை விழுந்தார். தூக்கித் தூக்கி அத்தைக்கு இடுப்பு போய்விட்டது, அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்க அப்பா யாரையும் பிடிக்காமல் பீடம் வரை போகிறார். சாமியார் முன்னால் துரை மாதிரி நடை, வீட்டில் நடிப்பு என்று அத்தை திட்டுகிறார்.

நடிப்பு இல்லை அண்ணா. கோயில் தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்திருக்கிறது அல்லவா? அப்பா தலை குனிந்து போவது பக்தி என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு வெள்ளைக் கல்லாகப் பார்த்துக் கால் வைக்கிறார்.

பள்ளியிலிருந்து, கரும்பலகையில் எழுதும் சாக்குக்கட்டி ஒன்று எடுத்து வந்தேன். திருட்டுதான், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுவேன். அத்தை மார்க்கெட்டுக்குப் போனதும் கட்டிலிலிருந்து வாசல் வரை தண்டவாளம்போல நீளக் கோடு இழுத்தேன். அப்பா நகரவில்லை. தரைப் பலகைகளே நீளமாகத்தானே ஓடுகின்றன, இன்னொரு நீளக் கோடு எதற்கு உதவும்! மறுநாள் ஏணிப்படிபோலக் குறுக்கே போட்டேன், ஒன்றரை அடிக்கு ஒன்று. இந்த வயதில் என்னைக் கட்டம் தாண்டிப் பாண்டி ஆட வைக்கிறாயா என்று அப்பா சிரித்தார். அம்மா இறந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு நடந்தார் அண்ணா! வாசலையும் தாண்டி, மாடிப்படி வரை. ஐந்து நாளாகப் பார்க்கிறேன். கோடு இருந்தால் நடக்கிறார், அழித்தால் நிற்கிறார். நோய் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. நடக்க வழி இருக்கிறது என்கிறேன்.

அத்தையோ நான்தான் பாண்டி விளையாடுகிறேன் என்று காதைத் திருகி, கோடுகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால், டாக்டரைவிட நீ பெரியவளா என்பார். நீங்கள் சொன்னால் கேட்பார்.

ஞாயிறு விடியுமுன் கோடு போட்டு வைப்பேன். நீங்கள் மாடி ஏறியதும் உள்ளே வராமல், வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிடுங்கள். அவரே வந்து உங்கள் கையைப் பிடிப்பார். அப்புறம் உள்ளே வாருங்கள், ஓரமாக. கோட்டை மிதித்துவிடாதீர்கள் அண்ணா. என்னிடம் மீதி இருக்கும் சாக்குக்கட்டி விரல்நுனி அளவுதான்.

வழி பார்த்திருக்கும் தங்கை,
அருள்ஜோதி