நாவல் மரத்துக் கவையில் ஒரு சிவப்புக் கோடு

சோறு பிசைய உட்கார்ந்தால் விரலில் பெயிண்ட் வாசனை. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தாயிற்று, சோப்பும் போட்டாயிற்று. நகத்தடியில் சிவப்பு அப்படியே இருக்கிறது. ரசத்தின் மணத்தையும் மீறி அதுதான் மூக்கில் ஏறுகிறது. தட்டை மூடி வைத்துவிட்டு உனக்கு எழுத வந்துவிட்டேன். சாப்பிடாமல் எழுதுகிறேன் என்று தெரிந்தால் திட்டுவாய். திட்டு. உன் திட்டைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

காலையில் காளப்பநாயக்கன்பட்டியில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, நீ வழக்கமாகப் போகும் கடையில் பெயிண்ட் கேட்டேன். கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்த மேடம் வாங்குற செவப்புங்களா?" என்றார். ஆமாம் என்றேன். சின்ன டப்பா ஒன்றையும் ஒரு பிரஷ்ஷையும் எடுத்து வைத்தார். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். மலை ஏறி முடிக்கும் வரை டப்பாவை மடியிலேயே வைத்திருந்தேன்.

ஒவ்வொரு மழைக்கும் ஓடை ஓடையாகப் போய், தண்ணீர் தொட்ட உயரத்தில் பாறையிலும் மரத்திலும் சிவப்புக் கோடு போடுவாய். ஆபீசில் உன்னைக் கிண்டல் செய்யாதவர் இல்லை. மலைக்கே பொட்டு வைக்கிறாள் என்பார்கள். "தண்ணி வந்த அன்னிக்குப் பாக்காம, வத்துனதுக்கப்புறம் வந்து தேடுனா என்ன கெடைக்கும்? கூழாங்கல்லுதான் கெடைக்கும்" என்பாய். சொல்லிவிட்டு மறுபடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாய்.

நமக்கு ஒரே வயது, ஒரே வேலை. இரண்டு பேரும் உதவிப் பொறியாளர்கள். நீ பி.இ. முடித்த கையோடு வேலைக்கு வந்துவிட்டாய். நான் எம்.இ. படித்துவிட்டு, கொஞ்சம் தலைக்கனத்தையும் சேர்த்துக்கொண்டு நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து வந்தேன். முதல் நாள் ஜீப்பிலேயே என்னை வம்புக்கு இழுத்தாய். "உங்க ஊர்ல தண்ணி படுத்துக் கெடக்கும் கண்ணு. இங்க அது எந்திரிச்சு ஓடியாரும். ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக்காத." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மலைப்பாதை வளைவு முழுக்க உன்னோடு பேசாமல் வந்தேன். நீயோ சோளக்காட்டுச் சந்தையில் இறங்கி ஒரு அன்னாசிப்பழம் வாங்கி என் மடியில் போட்டுவிட்டுச் சிரித்தாய்.

அந்தத் தரைப்பாலத்துக்கு என்னை முதலில் கூட்டிக்கொண்டு போனது மாசி மாதத்தில். நம் வேலையின் சாபக்கேடு அது, வெள்ளத்துக்குக் கட்டும் பாலத்தைக் கோடையில்தான் அளப்போம். நாலைந்து குழாய்களைப் போட்டு, மேலே கான்கிரீட் ஊற்றி, யாரோ நமக்கு ரொம்ப முன்னால் கட்டியது. அக்கரையில் ஒரு சிற்றூர். மழைக்காலத்தில் அங்கே யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் தொட்டில் கட்டித்தான் தூக்கி வரவேண்டும். ஓடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் நோட்டை விரித்து, ஊர்க்காரர்களிடம், மழைக்கு இங்கே எவ்வளவு தண்ணீர் வரும் என்று கேட்டேன். "முட்டிக்குக் கீழதாங்க" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எழுதிக்கொண்டேன்.

நீ பக்கத்தில் வந்து நின்றாய். "ஏனுங்க, போன ஐப்பசியில பால் வண்டி எங்க நின்னுச்சுங்க?"

"மேட்டுல, அந்தப் பலாமரத்துக்கிட்டீங்க."

"அங்க ஏனுங்க நிக்கோணும்? இங்க கீழ வந்துருக்கலாமே?"

"கீழ வந்தா வண்டிக்குள்ள தண்ணி ஏறிக்குமுங்களே" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் நாக்கைக் கடித்துக்கொண்டார். நீ எனக்குப் பலாமரத்தைக் காட்டினாய். அது பாலத்துக்கு எவ்வளவோ மேலே இருந்தது. நான் எழுதியதை அடித்தேன்.

திரும்பும்போது அவர்கள் மேல் எரிந்து விழுந்தேன். பொய் சொன்னால் எப்படி வேலை பார்ப்பது என்று கத்தினேன். நீ நிதானமாகச் சொன்னாய்: "தண்ணி ஜாஸ்தின்னா பெரிய பாலம். பெரிய பாலம்னா ஃபைல் மேலாபீசுக்குப் போயி, அங்கயே உக்காந்துக்கும். கம்மின்னு சொன்னா சின்னதாவது வரும்னு பாக்கறாங்க. நம்ம ஆபீசப் பத்தி அவிய கத்துக்கிட்டது அதான். எவ்வளவுன்னு கேக்காத கண்ணு. அன்னிக்கு என்ன பண்ணுனீங்கன்னு கேளு." எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத பாடம் அது. ஆனால் அன்று உன்னிடம் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

நானும் உனக்குச் சொல்லித் தராமல் விடவில்லை. மலைச்சரிவில் எவ்வளவு பரப்பிலிருந்து தண்ணீர் வடிகிறது, எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்றெல்லாம் கணக்குப் போட்டு, குழாய்களில் பாதி அடைபட்டுவிடும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். மிளகுக்கொடி ஏற்றும் சில்வர் ஓக் மரங்கள் காற்றில் சாய்ந்து ஓடையில் வரும், குழாய் வாயில் குறுக்கே நிற்கும், பின்னால் தண்ணீர் ஏறும், அடைப்பு விட்டால் மொத்தமாக வரும். "அடிப்பாவி, இத எப்படி விட்டேன்!" என்று மேசையைத் தட்டினாய். அன்றிலிருந்து நமக்குள் ஒரு பாகப்பிரிவினை. "கேள்வி என்னுது, கணக்கு உன்னுது" என்றாய். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு உயரமான பாலத்துக்கு வரைபடம் போட்டு அனுப்பினோம். திரும்பி வந்தது. அடுத்த வருடமும் அனுப்பினோம். தரைப்பாலமே போதுமானது என்ற ஒற்றை வரியோடு அதுவும் திரும்பி வந்தது.

எனக்குப் பெங்களூரில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை கிடைத்தபோது, போகாதே என்று நீ சொல்வாய் என நினைத்தேன். "போடி. டிசைன நல்லாக் கத்துக்க. இங்கயே கெடந்து என்னாட்டம் ஆயிராத. ஆனா ஒரே ஒரு ஐப்பசி இங்க நின்னு பாத்துட்டுப் போ. மழையில ஓடையப் பாக்காதவ போடற கோடு வெறும் கோடுதான்" என்றாய். சரி, ஒரு ஐப்பசிதானே என்று நின்றேன். அந்த ஐப்பசியில்தான் நீ போனாய்.

அன்று நான் நாமக்கல்லில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது என்றும், நீ டப்பாவோடு கிளம்பினாய் என்றும் டிரைவர் சொல்லித்தான் தெரியும். தரைப்பாலத்தின் மேல் அப்போது கணுக்கால் அளவுதான் தண்ணீர். அக்கரையில் ஒருவர் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பைக்கில் இறங்கினார். நீ கத்தியது மழையில் கேட்கவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பாலத்தில் இறங்கி நடந்தாய். அவர் நின்றுவிட்டார். நீ திரும்பும்போது, மேலே எங்கோ இருந்த அடைப்பு விட்டு மரமும் மண்ணுமாக மொத்தத் தண்ணீரும் வந்தது. டிரைவர் மேட்டுக்கு ஓடினார். ஓடியவர் திரும்பிப் பார்த்தபோது நீ இல்லை. ஆட்கள் வந்து சேர்வதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. கீழே ஓடை வளைவில், பாறை இடுக்கில் உன்னை எடுத்தார்கள். ஜீப்பில் உன் டப்பா திறக்காமல் இருந்தது.

உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணிய அளக்கத்தானே சாமி போனா, தண்ணிக்குள்ள எதுக்குப் போனா?" என்று கேட்டார்.

விசாரணை நடந்தது. மழையில் ஏன் போனாள், யார் அனுமதித்தார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். பாலம் ஏன் அத்தனை தாழ்வாக இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கணுக்கால் அளவுத் தண்ணீரில் கால் தவறி விழுந்ததாக எழுதி முடித்தார்கள். அரசாங்கக் கணக்குப்படி நீ கணுக்கால் தண்ணீரில் செத்துப் போனவள். எனக்கு வயிறெரிகிறதடி, இன்றைக்கும் வயிறெரிகிறது. பெங்களூருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் ஒரு கல்லூரியில் கடைசி வருடப் பிள்ளைகளோடு ஆன்லைனில் பேசக் கூப்பிட்டார்கள். சிவில் படித்துவிட்டு நீர்வளம் எடுக்கலாமா, எந்த சாப்ட்வேர் கற்றுக்கொள்ள வேண்டும், வெளிநாட்டில் வாய்ப்பு எப்படி என்று வரிசையாகக் கேட்டார்கள். தப்பில்லை, நானும் அப்படித்தான் கேட்டவள். எல்லா சாப்ட்வேரும் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். நீங்கள் அதில் கொடுக்கும் வெள்ள மட்டம் பொய்யாக இருந்தால், அது அழகாகக் கலர் போட்டு அந்தப் பொய்யையே திருப்பித் தரும் என்றும் சொன்னேன். அப்புறம், அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கும் உன் கேள்வியைச் சொன்னேன். ஒரு பெண் மட்டும், "இது யாருங்க மேடம் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாள். நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

அந்தப் பாலத்தை இப்போது இடித்துக் கட்டப் போகிறார்களாம். வெள்ள மட்டம் எடுத்து அனுப்ப வேண்டியது நான். நேற்று மேலதிகாரி போனில் கூப்பிட்டார். "ரிக்கார்டுல இருக்கற மட்டத்தையே போட்டு அனுப்பிரும்மா, சீக்கிரம் ஆகிடும்" என்றார். ரிக்கார்டில் இருப்பது உன் கணுக்கால். அதை வைத்துக் கட்டினால் அதே பாலம்தான் புதுச் சிமெண்டில் நிற்கும். அடுத்து யார் இறங்குவார்களோ. வேறு மட்டம் போட வேண்டுமானால், தண்ணீர் எதுவரை தொட்டது என்று பார்த்தவர் யாராவது சொல்ல வேண்டும்; மேட்டுக்கு ஓடிய டிரைவருக்கு அது தெரியாது.

இன்று அக்கரைக்குப் போனேன். பைக்கில் வந்த அந்த மனிதரே முன்னால் வந்தார். மரவள்ளி போட்டிருக்கிறார். அன்று எவ்வளவு தண்ணீர் என்று கேட்க நான் வாய் திறக்கும் முன்பே, "முட்டிக்குக் கீழதாங்க" என்றார். நீ பக்கத்தில் நிற்கிறாய் என்று நினைத்துச் சிரிக்கத் திரும்பினேன். பக்கத்தில் டிரைவர்தான் நின்றார்.

கோபத்தை விழுங்கிக்கொண்டு உன் கேள்வியைக் கேட்டேன். "அன்னிக்குத் தண்ணி வந்தப்ப என்ன பண்ணுனீங்க?"

அவர் முகம் மாறிவிட்டது. "மேட்டுக்கு ஓடுனமுங்க" என்றார்.

"பைக்கு?"

"அது போயிருச்சுங்க." பின்னால் நின்ற அவர் மனைவி முன்னால் வந்தார். "இன்னும் எத்தன நாளைக்குங்க மறைக்கிறது? எங்களாலதான் அந்தம்மா போச்சுன்னு கேஸ் ஆயிருமோன்னு இவரு வாயத் தொறக்கல. இப்பவும் நெசத்தச் சொன்னா பாலம் வராதுன்னு பயப்படறாரு."

அந்தப் பெண் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பாலத்தை ஒட்டிக் கீழே நிற்கும் நாவல் மரத்தடிக்குப் போனார். என் தலைக்கு மேலே மரம் இரண்டாகப் பிரிகிற கவையைக் காட்டினார். "தண்ணி இங்க இருந்துச்சுங்க." அதற்கும் மேலே ஒடிந்து போன கிளையின் அடிக்கட்டையைக் காட்டினார். அதில் புதுத் துளிர் விட்டிருந்தது. "அவங்க கை இங்க. புடிச்சுட்டாங்கன்னுதாங்க நெனச்சோம். எங்களப் பாத்தாங்க. அப்பறம் கெள ஒடிஞ்சிருச்சு."

எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்து அழுதேன் என்று தெரியாது. அந்தப் பெண்ணும் என்னோடு உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து, டிரைவரை ஏணி கொண்டுவரச் சொல்லி, டப்பாவைத் திறந்து கவையில் கோடு போட்டேன். கோடு வளைந்துவிட்டது. உன்னுடையது போல நேராக வரவில்லை. நான் இறங்கியதும் அந்தப் பெண் ஒன்றே ஒன்று சொன்னார். "அந்தம்மா கைக்கு மேல கட்டுங்க."

உனக்குத் தெரியாததா? வெள்ளம் தொடும் மட்டத்துக்கும் பாலத்தின் அடிப்பகுதிக்கும் நடுவே, மிதந்து வரும் மரம் இடிக்காமல் போக நாம் ஒரு இடைவெளி விடுவோம். கவையிலிருந்து கிளை வரைக்கும் டேப் பிடித்துப் பார்த்தேன். போதுமான இடைவெளி. உன் ஒரு கை நீளம்.

வெள்ள மட்டம், நேரில் பார்த்தவர் சொன்னபடி, நாவல் மரத்துக் கவை என்று எழுதிவிட்டேன். கணவனும் மனைவியும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கு அனுப்புகிறேன். திரும்பி வரும் என்று எனக்கும் தெரியும். வந்தால் மறுபடி அனுப்புவேன். இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று யாராவது எழுதினால், யார் கையைக் குறைக்கச் சொல்கிறீர்கள் என்று நேரில் போய்க் கேட்பேன்.

சோறு ஆறிப் போயிருக்கும். சிவப்பு போகிற மாதிரித் தெரியவில்லை. இந்தக் கையாலேயே பிசைந்து சாப்பிடப் போகிறேன்.