கூறு போட்ட மாத்திரைகள்

இன்று காலை அலமாரியை ஒழித்தபோது என் பழைய இரத்த அழுத்தக் கருவியின் மரப்பெட்டி கைக்கு வந்தது. திறந்தேன். கையில் சுற்றும் துணிப்பட்டையில் இன்னும் உன் மீன் வாசம். எத்தனை முறை துவைத்திருப்பேன், போனால்தானே. உன் பிடிவாதம் அதற்கும் தொற்றிவிட்டது போலிருக்கிறது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

1950களின் தொடக்கத்தில், ராயபுரத்தில் மீன் விற்கும் பெண்களிடம் ஆராய்ச்சி செய்ய வந்தேன். சர்ப்பகந்தா என்ற மூலிகையின் வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று பேச்சு. அது உண்மையா என்று பார்க்க வேண்டும். அழுத்தம் அதிகமாக இருந்தவர்களில் பாதிப் பேருக்கு வேர் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. உன் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்ததும், "இன்னா டாக்டரம்மா, நண்டு மாரி கவ்வுது?" என்றாய். நமக்கு ஒரே வயது. அன்றே ஒட்டிக்கொண்டோம்.

சில மாதங்கள் அளந்து அளந்து எழுதினேன். கடைசியில் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் அழுத்தம் ஒரே மாதிரி, கொஞ்சமே கொஞ்சம் குறைந்திருந்தது. பேராசிரியர் தாளைப் புரட்டிவிட்டு, "வேரில் ஒன்றுமில்லை என்று எழுதி முடித்துவிடு" என்றார். என் உழைப்போடு அந்த வேரும் குப்பைக்குப் போகவிருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு, மிச்ச மாத்திரைகளைத் திரும்ப வாங்க உன் வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் நாலு பேர் இருந்தீர்கள். ஏலத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு கூடை மீன் எடுத்தால் அதை நாலு கூறாகப் பிரிப்பீர்கள். ஒருத்தி முதுகைக் காட்டி நிற்பாள். இன்னொருத்தி ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பாள். பார்க்காதவள் வாயில் வரும் பேருக்கு அந்தக் கூறு. அப்புறம் சண்டையே கிடையாது. அன்று தரையில் கூறு கூறாக இருந்தவை என் மாத்திரைகள்.

"அடிப்பாவி, என்ன பண்ணி வச்சிருக்க?"

"கடிச்சிப் பாத்தோம்மா. ஒரு புட்டில கசக்குது, ஒரு புட்டில சப்புனு கீது. கசந்தாத்தான மருந்து? ரெண்டு பேருக்கு மருந்து, ரெண்டு பேருக்கு சுண்ணாம்பா? இன்னா நாயம் அது? ஒண்ணாக் கொட்டிக் கலந்துட்டோம்."

தெரு முழுக்க இதே கதை. நான் கத்தித் தீர்க்கும்வரை காத்திருந்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டினாய். "இப்படிச் செய்தால் மருந்து வேலை செய்கிறதா என்றே தெரியாது. அழுத்தம் ஏறி, உங்கம்மா மாதிரி பக்கவாதம் வந்து விழுகிறவர்களுக்கு இது கிடைக்காமலே போய்விடும்" என்றேன். உன் முகம் மாறியது.

"செரி, மறுபடி ஆரம்பி. ரெண்டும் கசக்கணும். யாருக்கு எதுன்னு நீ சொல்லாத, நான் முதுவக் காட்டிகினு பேர் சொல்றேன். முடிஞ்சதும் வெறும் மாத்திர துன்னவளுக்குத்தான் மொத மருந்து. ஒத்துக்கிறியா?"

பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். சிடுமூஞ்சி மனிதர், சிரித்துவிட்டார். வெறும் மாத்திரையில் நிலவேம்பைச் சேர்த்தோம். எந்தப் புட்டியில் எது என்பது கம்பவுண்டருக்கு மட்டுமே தெரியும். நான் புட்டியைத் தொட்டு "இது யாருக்கு?" என்பேன், நீ சுவரைப் பார்த்துக்கொண்டு பேர் சொல்வாய். இந்த முறை ஒரு மாத்திரைகூட இடம் மாறவில்லை.

கம்பவுண்டர் பட்டியலைத் திறந்த நாள் நான் குதித்தேன். வேர் சாப்பிட்டவர்களுக்கு அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது. பிறகுதான் உன் பேரைப் பார்த்தேன். உனக்கு விழுந்தது வெறும் மாத்திரை. அழுத்தம் ஏறின இடத்திலேயே நின்றது. உன் வீட்டுக்கு ஓடி வந்தேன்.

"என் வாயாலதான சொன்னேன், யாரத் திட்றது?" என்று சிரித்து உள்ளங்கையை நீட்டினாய். "குடு, மொத மருந்து." அதைத் தின்றுகொண்டு இன்னும் முப்பது வருஷம் மீன் விற்றாய், என்னையும் சேர்த்து ஊரையே அதட்டினாய்.

அதற்கப்புறம் எத்தனையோ மருந்துகளைச் சோதித்தேன். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே முதல் மருந்து என்று ஒவ்வொன்றிலும் எழுதி வைத்தேன். இந்த விதியை எங்கே படித்தீர்கள் என்று பெரிய பெரிய டாக்டர்கள் கேட்பார்கள். ராயபுரத்தில் என்பேன்.

இப்போது எனக்கே அழுத்தம். காலையில் மாத்திரையைக் கையில் எடுத்ததும் "இது யாருக்கு?" என்று வாய் தானாகக் கேட்கிறது. முதுகைக் காட்டி நிற்க நீ இல்லை. என் பேரைத்தான் சொல்லியிருப்பாய் என்று நானே வைத்துக்கொண்டு விழுங்குகிறேன்.