இரண்டு ரத்த முடிவுகள்

திங்கட்கிழமை ஆய்வகத்தில் உங்கள் ஹெபடைடிஸ் பி முடிவைக் கொடுத்தார்கள். ‘பாசிட்டிவ்’ என்ற ஒரே சொல்லைப் பார்த்துவிட்டுத் தனித் தட்டோடு பின்னறைக்குக் குடிபோய்விட்டீர்கள். தட்டால் இது பரவாது என்று நான் கத்தியது காதில் ஏறவில்லை.

இன்று ஆய்வகப் பெண்ணிடமே கேட்டேன். சிரித்தாள்.

“அக்கா, அண்ணனுக்கு ஆன்டிபாடிதான் பாசிட்டிவ். ஆஸ்பத்திரி வேலைக்குச் சேரும்போது போட்ட தடுப்பூசி நல்லா பிடிச்சிருக்கு. இந்த நோய் அவரை அண்டாது. சாமியார் வேஷத்தைக் கலைக்கச் சொல்லுங்க.”

சாப்பாடு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது. பாப்பா மாடிவீட்டில் இருக்கிறாள். போய்த் தூக்கிக்கொள்ளுங்கள், ஏங்கிவிட்டாள்.

பி.கு.: நீங்கள் பின்னறைக்குப் போன மறுநாள் நானும் ரத்தம் கொடுத்திருந்தேன். அந்த முடிவும் வந்துவிட்டது. எனக்கு ஆன்டிஜென் பாசிட்டிவ். கிருமி என் உடம்பில்தான் இருக்கிறது. பாப்பாவுக்கு நாளை ரத்தம் எடுக்க வேண்டும். கல்லீரல் டாக்டரைப் பார்க்கப் போயிருக்கிறேன்.