எட்டுப் பெட்டிக்கு முன்னால் ஒரு காதுகுத்து

மச்சான்,

2007 ஜூன் 24, ஞாயிறு, காலை ஒன்பதே முக்கால். கருங்குழிக்குப் பக்கத்தில் உங்கள் குலதெய்வக் கோயில். சவுண்டு பெட்டி எட்டு. உன் மகளுக்கு இன்றைக்குக் காதுகுத்து. நீ போய் ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் உன் வீட்டில் நடக்கிற முதல் விசேஷம்.

பெட்டிகளை இரண்டு பக்கமும் நாலு நாலாக அடுக்கியிருந்தார்கள். உன் மச்சினன் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப்போகிற மணை, வலது அடுக்கை ஒட்டியே கிடந்தது. பாட்டைப் போட்டதும் தாம்பாளத்தில் இருந்த வெற்றிலை நடுங்கியது. அதைப் பார்த்ததும் உன் குரல்தான் ஞாபகம் வந்தது: "பாட்டு காதுல கேட்டா போதாது மச்சான், நெஞ்சுல இடிக்கணும்."

நம் ஆலையின் கம்ப்ரசர் ரூமில் காதை மூடுகிற இயர் மஃப் மாட்டாமல் நீ ஒரு நாளும் நுழைந்ததில்லை. புதிதாக வந்த பையன்களை நீயே விரட்டியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நீ வேறு ஆள். செங்கல்பட்டில் பைக்கை எடுத்தால் திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் தாண்டி கோவளத்தில்தான் நிறுத்துவாய். அங்கே சவுக்குத் தோப்புக் கொட்டகையில் பெட்டி வைத்துப் பாட்டுப் போட்டு சாயங்கால ஆட்டம். பெட்டிக்கு ஒரு கை தூரத்தில் நீ. நான் பையிலிருந்து இயர் பிளக்கை எடுத்து நீட்டினால் சிரிப்பாய்.

"ஆறு நாளு காது கம்பெனியோடது. ஒரு நாளுதான் என்னோடது. அதுக்கும் அடைப்பு வெக்கச் சொல்றியா?"

காதுக்குக் கிழமை தெரியாதுடா, உள்ளே இருக்கிற செல் செத்தால் திரும்ப முளைக்காது என்று சொன்னேன். பாடம் எடுக்காதே என்றாய்.

திங்கட்கிழமை கேன்டீனில் இட்லியைப் பிய்த்துக்கொண்டே ஒரு நாள் சொன்னாய்: "ராவெல்லாம் காதுல இரைஞ்சிகினே கீது. கடலை வூட்டுக்கே இட்டாந்துட்டேன் மச்சான்."

"அது கடல் இல்லடா. காது கெட்டுப்போவுது."

"நீ ஒரு சந்தேகப் பிராணி. கம்பெனி காது டெஸ்ட்ல நான் பாஸுடா, பாஸு!"

உண்மைதான். வருஷா வருஷம் பாஸ். எனக்கு உறுத்தியதே அதுதான். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டாய். டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் வரும். பேப்பரில் மட்டும் எல்லாம் சரி. கருவி பொய் சொல்லாது என்று படித்தவன் நான். அப்படியானால் யார் சொன்னது?

போன மார்ச்சில் அதே டெஸ்டுக்கு முதல் தடவையாக நானும் உட்கார்ந்தேன். ஹெட்போனில் சத்தம் வந்தால் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ். அவர் சத்தத்தைத் தட்டும்போதெல்லாம் முழங்கை லேசாக உயர்ந்தது. அதைப் பார்த்தே பட்டனை அழுத்திவிடலாம், காதே வேண்டாம். எதிராளியின் கண்ணைப் பார்த்தே கையில் என்ன சீட்டு என்று சொல்கிறவன் நீ. அந்த முழங்கையையா விட்டிருப்பாய்?

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நெம்மேலிக்கிட்டே நீ ரோட்டைக் கடந்தபோது இடது பக்கமிருந்து வந்த வேன் மோதித்தான் செத்தாய். போலீஸ் ஸ்டேஷனில் டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஹார்ன் அடிச்சிக்கினேதான் சார் வந்தேன்." பொய் என்றார்கள் எல்லோரும். நானும் அப்படித்தான் நினைத்தேன். யாரையும் நம்பாத நான் மார்ச்சுக்கு அப்புறம் நம்புகிற ஒரே ஆள் அந்த டிரைவர்தான்.

இந்த எண்ணத்தோடு நின்றவன் கண் முன்னால்தான் உன் மூன்று வயது மகளை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நேராக சவுண்டு சர்வீஸ்காரரிடம் போனேன்.

"அண்ணாத்த, இந்தப் பக்கத்தை ஆஃப் பண்ணு. குழந்த உக்காருது."

"ஆஃப் பண்ணா எழவு வூடு மாதிரி ஆயிடும் சார்."

உன் மச்சினன் மணையிலிருந்தே கத்தினான். "இன்னாண்ணா நீ! ஆசாரி ஊசியெல்லாம் வெந்நீர்ல போட்டு எடுத்தாச்சு, மஞ்சா அரைச்சாச்சு. காதுக்கு ஒண்ணும் ஆவாது."

காதின் மடலுக்கு இவ்வளவு காபந்து. உள்ளே இருப்பதைப் பற்றி ஒருத்தருக்கும் கவலையில்லை.

"மாமா ஆடாத ஆட்டமா? அவரு காதுக்கு இன்னா ஆச்சு? டெஸ்ட்ல பாஸு பண்ணவரு அவரு!" என்றான் உன் மச்சினன்.

நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் பெண்டாட்டி தாம்பாளத்தோடு அங்கேயே நின்றிருந்தாள். நான் வாயைத் திறந்தால், ஒன்றரை வருஷமாக அவள் சபித்துக்கொண்டிருக்கிற டிரைவர் யோக்கியன் ஆகிவிடுவார். நீ ஏமாற்றுக்காரன் ஆகிவிடுவாய். திறக்காவிட்டால் பாப்பா அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

பாட்டுக்கு மேலே கத்தினேன். "பாஸ் பண்ணது அவன் கண்ணுடா! காது இல்ல!"

அவள் என்னையே பார்த்தாள். அழுவாள், இல்லை சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து என் காதருகே சொன்னாள்:

"தெரியும்ண்ணா. வலது பக்கம் சாஞ்சி படுத்தாருன்னா பாப்பா அழுவுறது கேக்காது அவருக்கு. வெளிய சொல்லிடாத, வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்கன்னு சத்தியம் வாங்கினாரு."

எல்லோரையும் சந்தேகப்பட்டேன் மச்சான். அவளை மட்டும் படவில்லை.

தாம்பாளத்தை என் கையில் திணித்துவிட்டு ஆம்ப்ளிஃபயரிடம் போனாள். ஒயரைப் பிடித்து இழுத்தாள். எட்டுப் பெட்டியும் ஒரே நேரத்தில் செத்தன. "ஐயோ, இன்னாம்மா பண்ற!" என்று சர்வீஸ்காரர் எழுந்தார்.

"எழவு வூடாவே இருந்துட்டுப் போவட்டும்," என்றாள்.

ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு குனிந்தார். ஊசி ஏறியதும் உன் மகள் போட்ட அலறல் கோயில் பூராவும் கேட்டது. உன் மச்சினன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். அதற்குள் எழுதிவிடுகிறேன், இனி நான் செய்யப்போவது:

1. நாளைக்கு என் காதை வெளியில் ஒரு டாக்டரிடம் காட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு.

2. வேன் டிரைவரைத் தேடிப் போவேன். தங்கச்சி வருவாளா, தெரியாது. அவள் வராவிட்டாலும், அவர் ஹார்ன் அடித்தார் என்று நான் நம்புவதை நேரில் சொல்லுவேன். எங்கே கேட்டாலும் சொல்லுவேன்.

3. அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று பாப்பா ஒரு நாள் கேட்பாள். வண்டி மோதியது என்பதோடு நிறுத்தமாட்டேன்.

4. உன்மேல் கோபமாகத்தான் இருப்பேன். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்டா.